எட்டு வாரத்தில் மாரத்தான், குதிகாலில் வலி: ஓடுவதா, விடுவதா?

திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது நாற்பது. பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். நாளெல்லாம் நின்றபடி வேலை. இரண்டு அரை மாரத்தான் முடித்தவர், ஜனவரியில் சென்னையில் நடக்கும் முழு மாரத்தானுக்குப் பணம் கட்டிவிட்டார். ஆகஸ்டிலிருந்து வலது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் வலி. காலையில் எழுந்ததும் நாலடி நொண்டித்தான் நடக்கிறார். ஓட ஆரம்பித்தால் இரண்டாவது கிலோமீட்டரில் வலி போன இடம் தெரிவதில்லை, மறுநாள் காலையில் திரும்பவும் அதே கதை. எலும்பு டாக்டர் "ஆறு வாரம் ஓட்டத்தையே மறந்துடுங்க" என்கிறார். கூட ஓடுகிறவர்கள் "ஓட ஓடத் தானாச் சரியாயிருமுங்க" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? கூடவே இன்னொன்று: தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போகிற வேண்டுதலும் இருக்கிறதாம்.

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் ஓட்டக்காரர்கள் நிறைய, அதிலும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதே கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது அக்கிலிஸ் தசைநாண் கோளாறு; கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண்தான் அக்கிலிஸ். அது உறுதியானால் ஓட்டத்தை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. இப்போது ஓடுகிற மாதிரியே ஓடவும் கூடாது. ஜனவரியைப் பற்றி இன்றைக்கு முடிவெடுக்காதீர்கள். டிசம்பரில் கோவை மாரத்தானை ஓடிப் பார்த்து, அது முடிந்த ஓரிரு நாளில் எடுத்தால் போதும். எதை வைத்து எடுப்பது என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

முதலில் இடத்தைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, பாதத்தை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, வீட்டில் யாரையாவது குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தடித்த நாணை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் எலும்புக்கு இரண்டிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேலே கிள்ளும்போது "ஆ" என்று வந்தால், அந்த இடம் இடது காலைவிடக் கொஞ்சம் தடித்தும் இருந்தால், அது நாணின் நடுப்பகுதிக் கோளாறு. நாண் எலும்பில் போய் ஒட்டும் இடத்திலேயே வலித்தால் அது வேறு வகை. பயிற்சியில் ஒரு மாற்றம் வேண்டும், கீழே சொல்கிறேன். காலையில் இறுக்கம், சூடானதும் வலி குறைவது, மறுநாள் பழிவாங்குவது: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் தசைநாண்தான்.

எலும்பு அப்படி நடந்துகொள்ளாது. எலும்பில் கீறல் விட்டிருந்தால் ஓட ஓட வலி கூடும், குறையாது. ஒரே ஒரு இடத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி இருக்கும். ஒற்றைக் காலில் குதித்தால் சுருக்கென்று ஏறும். முற்றினால் ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கும். பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலியோடு வந்தார். "சதைவலிதானுங்க, எண்ணெய் போட்டு நீவிட்டாச் சரியாப் போயிரும்" என்று அவராகவே முடிவு கட்டி வைத்திருந்தார். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. அதைக் காட்டி என்னிடம் வாதாடவும் செய்தார். இந்த மாதிரிக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்ததும் தெரிந்துவிட்டது. அவருக்கு அந்த வருட மாரத்தான் கிடையாது என்று சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. அதேபோல, ஓடும்போது தொடை இடுக்கில் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லுவேன். தொடை எலும்பின் கழுத்தில் கீறல் இருந்து, அதன்மேல் ஓடினால் எலும்பு முழுசாக முறிந்து ஆபரேஷன் வரைக்கும் போகும். நான் இனி எழுதுவது எதுவும் எலும்புக் கீறலுக்குப் பொருந்தாது.

இப்போது தசைநாணுக்கு வருவோம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் அக்கிலிஸில் விழும் இழுவிசை உடல் எடையைப் போல ஆறிலிருந்து எட்டு மடங்கு. எழுபது கிலோ ஆளுக்கு அரை டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 42.195 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய நாற்பதாயிரம் அடி. ஒரு காலுக்கு இருபதாயிரம். அந்த அரை டன்னை இருபதாயிரம் தடவை தாங்கும் பலம் நாணுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வியே. ஆறு வாரம் சும்மா இருந்தால் வலி அடங்கும், சந்தேகமில்லை. ஆனால் நாணின் பலமும் கெண்டைக்கால் சதையின் பலமும் கூடவே இறங்கிவிடும். ஆறு வாரம் ஓய்வு, மீதி இரண்டு வாரத்தில் அவசரப் பயிற்சி, அப்புறம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்பது இருக்கிற வழிகளிலேயே மோசமானது. டாக்டர் சொன்னதில் தப்பில்லை; அவர் உங்கள் வலிக்குப் பதில் சொன்னார், மாரத்தானுக்குச் சொல்லவில்லை.

நண்பர்கள் சொல்வதும் ஏன் ஆகாது என்றால், கடுமையாக ஓடி முடித்த பிறகு முதல் இருபத்து நாலிலிருந்து முப்பத்தாறு மணி நேரம் நாணுக்குள் புதிதாகக் கட்டப்படும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைவிடச் சிதைவதுதான் அதிகம். அதற்குப் பிறகுதான் கட்டுமானம் முந்துகிறது. தினமும் ஓடினால் நேற்றுக் கட்டிய சுவர் ஈரம் காயுமுன் அதன்மேல் இன்னொரு வரிசைக் கல் ஏற்றுகிற கதைதான். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவசரப்படுத்த முடியாது. ஆகவே கடினமான நாளுக்கும் அடுத்த கடினமான நாளுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பலருக்குப் பாதி வலி போய்விடுகிறது.

வாட்ஸ்அப்பில் இன்னொன்று சுற்றும். எத்தியோப்பியாவின் ஹைலி கெப்ரசெலாசி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அக்கிலிஸ் வலியோடு ஓடி, பத்தாயிரம் மீட்டரில் பால் டெர்காட்டை 0.09 நொடியில் முந்தித் தங்கம் வாங்கினார் என்று. உண்மைதான். அது இருபத்தேழு நிமிட ஓட்டம், உங்களுடையது ஐந்து மணி நேரம். அந்த ஒலிம்பிக் முடிந்த கையோடு அவர் அதே நாணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

வலியோடு எவ்வளவு ஓடலாம் என்பதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. ஸ்வீடனில் சில்பர்னாகெல் என்ற பிசியோதெரபிஸ்ட் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில் அக்கிலிஸ் வலிக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே பலப் பயிற்சி. ஒரு பிரிவை முதல் ஆறு வாரம் ஓடாமல் இருக்கச் சொன்னார்கள். இன்னொன்றை வலியை அளந்துகொண்டே ஓடவும் குதிக்கவும் விட்டார்கள். வருடம் முடிவில் இரண்டு பிரிவும் தேறியிருந்தன. ஓடியவர்களுக்கு அதனால் கெடுதல் எதுவும் வரவில்லை. அளக்கும் விதி எளிது: பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண், ஓடும்போதும் ஓடிய பிறகும் ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் வலியோ இறுக்கமோ ஏறிக்கொண்டு போகக் கூடாது. மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு நான் ஐந்தை மூன்றாகக் குறைத்துச் சொல்வேன், ஏனென்றால் ஆர்வத்தில் இருப்பவர்கள் ஐந்தையும் மூன்று என்றுதான் சொல்வார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் இரண்டு எண் எழுதுங்கள். எழுந்து முதல் பத்தடி நடக்கும்போது வலி எத்தனை என்பது ஒன்று. காப்பி குடிப்பதற்குள் வாசற்படியில் நின்று வலது காலால் மட்டும் பத்துத் தடவை குதிகாலைத் தூக்கி இறக்கினால் எத்தனை என்பது இன்னொன்று. தாளைக் கிழித்து எறியாமல் ஒரு கிளிப்பில் சேர்த்து வையுங்கள். கைக்கடிகாரம் காட்டும் வேகம், தூரம், இதயத்துடிப்பு எல்லாவற்றையும்விட அடுத்த எட்டு வாரத்துக்கு இந்தத் தாள்கள்தான் முக்கியம். ஓடும்போது வரும் வலியை நம்பாதீர்கள். சூடான நாண் பொய் சொல்லும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அது சொல்வதைக் கேளுங்கள்.

பயிற்சிதான் மருந்து. ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல் வெளியிட்ட முறை பிரபலம்: படியில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது, முழங்கால் நேராக ஒன்று, மடக்கி ஒன்று, பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று, தினம் இரண்டு வேளை, பன்னிரண்டு வாரம். கணக்குப் போட்டால் நாளுக்கு நூற்றெண்பது. அவருக்கே அக்கிலிஸ் வலி இருந்ததாம். ஆபரேஷன் செய்ய ஆள் சம்மதிக்காததால், நாண் அறுந்தாவது தொலையட்டும், அப்போது செய்துதானே ஆக வேண்டும் என்று வலியோடு இதைச் செய்யப் போய்க் குணமாகிவிட்டது என்று எங்கள் தொழிலில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் வேலைக்குப் போகிற மனிதனால் தினம் நூற்றெண்பது முடிகிற காரியமில்லை. டென்மார்க்கில் பேயர் (Beyer) என்ற ஆய்வாளரின் குழு 2015-ல் காட்டியபடி, வாரத்துக்கு மூன்று நாள் கனமான எடையோடு மெதுவாகச் செய்தாலும் பலன் ஒன்றுதான். நான் அதைத்தான் கொடுக்கிறேன்.

ஜிம் வேண்டியதில்லை. பிள்ளையின் பழைய ஸ்கூல் பேக்கை எடுத்து அதற்குள் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்து முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். வாசற்படி விளிம்பில் வலது முன்பாதம். கை சுவரைத் தொட்டுக்கொள்ள மட்டும், சாய்வதற்கு இல்லை. மூன்று எண்ணும்வரை மேலே போங்கள், உச்சியில் ஒரு நொடி, மூன்று எண்ணும்வரை கீழே. பெருவிரல் பக்கம் எடை இறங்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் ஏமாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். எட்டு முதல் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, நடுவில் இரண்டு நிமிடம். பிறகு முழங்காலை லேசாக மடக்கி அதையே திரும்ப. ஆழத்தில் இருக்கும் சதைக்கு அதுதான் வேலை கொடுக்கும். எட்டாவதைத் தூக்கும்போது முகம் கோண வேண்டும். கோணாவிட்டால் எடை போதவில்லை. அடுத்த வாரம் பதினைந்து கிலோ. கம்பெனியில் செய்வதானால் பேக்கில் நூல் கோனை அடுக்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு அதற்கா பஞ்சம்! வலி நாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் என்றால் மட்டும் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் நின்று செய்யுங்கள். கீழே இறங்கும்போது நாண் எலும்போடு அழுந்தி இன்னும் கெடும். கெண்டைக்காலை இழுத்து நீட்டும் ஸ்ட்ரெச்சிங்கும் அதே காரணத்தால் அவர்களுக்கு வேண்டாம்.

ஓட்டம் வாரத்துக்கு மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிறு நீண்ட ஓட்டம், ஒன்று புதன், மூன்றாவது தண்ணீரில். வேகப் பயிற்சியும் மேடும் கிடையாது. வேகம் கூடினாலும் ஏற்றம் வந்தாலும் முதலில் அடிவாங்குவது அக்கிலிஸ்தான், ஆகவே மருதமலை ரோட்டில் ஏறுகிற குழுவோடு ஜனவரி வரை சேர வேண்டாம். தரையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, மண்ணில் ஓடினால் காலுக்கு நல்லது என்று. முழங்காலுக்கு இருக்கலாம். பொதபொதவென்ற மணலில் குதிகால் உள்ளே புதையும்போது நாண் அதிகம் இழுபடும். சிக்கண்ணா கல்லூரி மைதானமோ, இறுகிய மண் உள்ள பி.ஏ.பி. வாய்க்கால் மேடோ பரவாயில்லை. மழை பெய்து வண்டித் தடம் விழுந்த இட்டேரியில், அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில், ஓடாதீர்கள். தார் ரோட்டில் ஒரே ஓரமாக ஓடாமல் போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் என்று மாறிக்கொள்ளுங்கள்; ரோட்டின் சரிவு ஒரே காலைத் தாக்காது. கோவையில் ரேஸ் கோர்ஸை இரண்டரைக் கிலோமீட்டர்ச் சுற்றாக ஒரே திசையில் சுற்றுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

தண்ணீர் ஓட்டத்தை நம் ஊர் ஆட்கள் ஏன் கண்டுகொள்வதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. கால் தரையில் படாத ஆழத்தில், இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு, நிமிர்ந்தபடி ஓடுவதுதான் அது. நுரையீரலுக்கும் இதயத்துக்கும் முழு வேலை, குதிகாலுக்கு அடியே இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அடிபட்ட ஓட்டக்காரர்கள் இதற்கென்று தனி பெல்ட் வாங்குகிறார்கள். கொங்கு நாட்டில் தோட்டத்துக்கு ஒரு கிணறு வைத்துக்கொண்டு, சிறுவயதில் சுரைக்குடுக்கையோ கேனோ முதுகில் கட்டி நீச்சல் பழகிய நாம் சும்மா இருக்கிறோம். வடகிழக்கு மழைக்குக் கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கும் காலம் இது. படிக்கட்டு உள்ள கிணறு, கூட ஒரு ஆள், இடுப்பில் இரண்டு காலி கேன். சைக்கிள் மிதிப்பது போலக் கால் போகக் கூடாது, நிஜமாக ஓடுவது போல முழங்கால் முன்னே வந்து பாதம் பின்னே தள்ள வேண்டும். இரண்டு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக. நாற்பது நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடும். நீச்சல் குளம் கிடைத்தால் இன்னும் நல்லது. தம் குறைந்துவிடுமே என்ற பயத்துக்கு ஒரு கணக்கு: நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் எல்லாவற்றையும் அறவே நிறுத்திவிட்டால்கூட, முதல் மூன்று வாரத்தில் குறையும் அதிகபட்ச ஆக்சிஜன் திறன் ஏழு சதவீதம் அளவுதான் என்று 1984-ல் காயில் என்ற ஆய்வாளரின் குழு அளந்து காட்டியது. நீங்கள் நிறுத்தவே போவதில்லை.

நின்று வேலை பார்ப்பதையும் கணக்கில் சேருங்கள். கட்டிங் டேபிள் பக்கத்தில் சப்பையான ரப்பர் செருப்போடு நிற்பது, வீட்டில் வெறுங்காலோடு நடப்பது இரண்டும் நாணை நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கும். குதிகால் பக்கம் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் உயரம் கூடிய ஷூ இந்த எட்டு வாரத்துக்கு வேலையிலும் ஓட்டத்திலும் உதவும். அடி தட்டையான, வெறுங்கால் போன்ற ஷூவை இப்போது பழகிப் பார்க்காதீர்கள். தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் பூட்டுகிறதே, அந்த வாரத்தை விட்டுவிடாதீர்கள். நிற்கிற பாரம் இல்லாமல் பயிற்சியை ஆரம்பிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

மெஷின் வைத்தியம் பற்றிச் சுருக்கமாக: அல்ட்ராசவுண்ட், கரண்ட், மெழுகு ஒத்தடம் எல்லாம் சுகமாக இருக்கும், நாண் பலமாகாது. என் தொழிலில் இருப்பவர்களே பத்து நாள் பேக்கேஜ் போட்டு இதை விற்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி, வெறும் உப்புத்தண்ணீர் ஊசியைவிட ஒன்றும் மேலில்லை என்று நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. ஸ்டீராய்டு ஊசியை நாணுக்குள் போட்டுக்கொள்ளவே கூடாது. வலி மாயமாய் மறையும், நாண் அறுந்துபோகும் ஆபத்து கூடும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. காய்ச்சலுக்கோ, நீர்க்கடுப்புக்கோ, வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் என்று ‘ஃப்ளாக்சசின்’ என முடியும் மாத்திரையை மருந்துக்கடையில் சும்மா வாங்கிப் போட்டுக்கொள்வோம். இந்த வகை மருந்து அக்கிலிஸ் நாணைப் பாதிக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-லேயே கடுமையான எச்சரிக்கை போடச் சொன்னது. தேவைப்பட்டால் டாக்டரிடம் "குதிகால் நாண் ஏற்கெனவே வலிக்குதுங்க" என்று சொல்லி வேறு மருந்து கேளுங்கள். நாற்பது வயதில் காரணமில்லாமல் நாண் தடித்தால் சர்க்கரையும் கொழுப்பும் ஒரு தடவை பார்த்துவிடுவதும் நல்லது, இரண்டுக்கும் நாண் கோளாறோடு தொடர்பு உண்டு.

இனி காலக்கணக்கு. கோவை மாரத்தான் என்று பெயரே தவிர, அங்கே இருப்பதில் பெரிய தூரம் 21.1 கிலோமீட்டர்தான், கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2013-லிருந்து நடக்கிறது. டிசம்பரில் அது வரும்போது சென்னைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும். அதற்கு முன் உங்கள் ஞாயிறு ஓட்டம் 15, 18, 22, 25 என்று ஏறட்டும், காலண்டர்த் தாள் அனுமதித்தால் மட்டும். இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம். முப்பத்திரண்டு ஓடாமல் முழு மாரத்தானா என்று குழுவில் கேட்பார்கள்; வலியில்லாதவர்களுக்கு அது நியாயமான கேள்வி. பதினைந்துக்கு மேல் போகும்போது முதல் நிமிடத்திலிருந்தே நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. களைத்த பிறகு நடப்பதில் புண்ணியம் இல்லை. களைக்கும் முன்பே நடந்தால்தான் கெண்டைக்கால் கடைசிவரை வேலை செய்யும், அது வேலை செய்கிறவரைதான் நாண் தப்பிக்கும். கோவையில் கூட்டம், மேளம், கைதட்டல் எல்லாம் சேர்ந்து உங்களை இழுக்கும். அங்கேயும் நாலுக்கு ஒன்றுதான்.

மறுநாள் திங்கட்கிழமை காலையும் அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை காலையும் சேர்த்து மூன்று விஷயம் பாருங்கள். முதல் பத்தடி வலி வழக்கமான எண்ணைவிட இரண்டுக்கு மேல் ஏறாமலிருந்து, செவ்வாய்க்கிழமைக்குள் பழைய எண்ணுக்கே வந்துவிட்டதா? வலது காலால் மட்டும் குதிகாலைத் தூக்குவது இருபதைத் தொடுகிறதா, இடது காலுக்குக் கிட்டத்தட்ட வருகிறதா? கடைசி ஐந்து கிலோமீட்டரில் நொண்டினீர்களா? கூட ஓடியவர் எடுத்த வீடியோ இருந்தால் அதைப் பாருங்கள், உங்கள் ஞாபகத்தைக் கேட்காதீர்கள். மூன்றும் தேறினால் சென்னைக்கு டிக்கெட் போடுங்கள், நேரத்தைப் பற்றிய ஆசையை இங்கேயே விட்டுவிட்டு. ஒன்று தவறினாலும் சென்னையில் தூரத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள், முடியாதென்றால் விட்டுவிடுங்கள். "கட்டுன பணம் போயிருமேங்க" என்பார்கள். அது நாண் அறுந்தால் ஆகும் செலவில் கால்வாசி வராது, அதோடு ஆறேழு மாதம் வேலைக்கும் ஓட்டத்துக்கும் ஆகும் நஷ்டம் தனி.

சென்னையில் ஓட்டம் விடிவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும். உங்கள் நாண் மிக மோசமாக இருக்கும் நேரமும் அதுதான். தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது எழுந்து நடமாடுங்கள். குதிகாலைப் பாதி தூக்கி நாற்பத்தைந்து நொடி அப்படியே நிற்பதை நாலைந்து தடவை செய்தால் சிலருக்கு வலி நன்றாக அடங்கும்; வீட்டிலேயே செய்து பார்த்துப் பலன் தெரிந்தால் அங்கேயும் செய்யுங்கள். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் காலை மடக்கி உட்கார்ந்து விடியற்காலையில் நேராக ஓடப் போகாதீர்கள். வெள்ளி ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் படுத்துப் போய் ஒரு நாள் அங்கே இருங்கள். நம் ஊர்க் காற்று அங்கே கிடையாது. வியர்வை காயாது, ஆகவே கிலோமீட்டருக்கு அரை நிமிடமாவது கூடுதலாக எடுத்துக்கொண்டு மெதுவாகவே கிளம்புங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கையில் கொடுப்பார்கள். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் எதுவும் ஓட்டத்துக்கு முன்னும் நடுவிலும் வேண்டாம். வெக்கையில் உடலில் நீர் குறையும்போது இவை சிறுநீரகத்தைத் தாக்கும், வயிற்றைப் புண்ணாக்கும். எச்சரிக்கிற வலியையும் அமுக்கிவிடும். மாரத்தானில் உலக சாதனை வைத்திருந்த பவுலா ராட்கிளிஃப் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முப்பத்தாறு கிலோமீட்டர் அளவில் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதது பலருக்கு நினைவிருக்கும். இரண்டு வாரம் முன்பு காலில் பட்ட அடிக்காகச் சாப்பிட்ட வலி மாத்திரைகள் அவர் வயிற்றைக் கெடுத்து, தின்றது உடம்பில் ஒட்டாமல் போனதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அதே வருடம் நவம்பரில் அவர் நியூயார்க் மாரத்தானில் ஜெயித்தார். பாதியில் நிறுத்துவதை அவமானமாக நினைக்கிறவர்கள் இந்த இரண்டாவது தகவலையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

நிறுத்த வேண்டிய இடமும் முன்கூட்டியே முடிவாகட்டும். வலி ஐந்தைத் தாண்டினால் அடுத்த தண்ணீர்ப் பந்தல் வரை நடங்கள்; நடந்தும் இறங்காவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நொண்டத் தொடங்கினால் வலி எத்தனையாக இருந்தாலும் நிறுத்தம்தான், ஏனென்றால் அந்த நொண்டல் மறுகால் முழங்காலையும் இடுப்பையும் கெடுத்துவிடும். பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்ததுபோலச் சட்டென்று ஒரு அடி விழுந்து, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லையென்றால் நாண் அறுந்திருக்கிறது. குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அழுத்தினால் பாதம் அசையாது. உடனே ஆஸ்பத்திரி.

பழனி விஷயம். தைப்பூசம் பெரும்பாலும் ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரி முதல் பாதியிலோ வரும், அதாவது மாரத்தான் முடிந்து சில வாரத்தில். மாரத்தான் முடித்து இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம். நாலாம் நாளிலிருந்து வாசற்படிப் பயிற்சியை எடை இல்லாமல் திரும்ப ஆரம்பியுங்கள், பத்து நாளில் பேக்கை மாட்டலாம். காலை எண் மாரத்தானுக்கு முந்தைய நிலைக்கு வந்திருந்தால் தாராளமாக நடக்கலாம். நடையில் நாணுக்கு விழும் பாரம் ஓட்டத்தைவிட மிகக் குறைவு. சிக்கல் வெறுங்காலில்தான். தாராபுரம் வழியாக எண்பது கிலோமீட்டர் சொச்சத்தையும் வெறுங்காலோடு நடக்க அந்தக் குதிகால் இந்த வருடம் தயாராக இருக்காது. ஷூவோடு கிளம்பி, பழனி மலை கண்ணில் தெரிகிற இடத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. வேண்டுதல் அதற்கு இடம் கொடுக்குமா என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். இடம் கொடுக்காதென்றால் சென்னையை விட்டுவிட்டுப் பழனிக்கு மட்டும் நடங்கள்.